கலர் ஏற்றிய ஆல்பம்

பசுமலை,
9.6.2025

ஜெரால்ட் சாருக்கு,

ஒன்பது முறை போன் செய்தேன். முதல் இரண்டு முறை எடுத்து, "வண்டியில போறேம்மா, அப்பறம் கூப்புடுறேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது என் எண்ணையே பிளாக் செய்துவிட்டீர்கள். சனிக்கிழமை பரவைக்கு நேரில் வந்தேன். ஸ்டுடியோவுக்குள் உங்கள் செருப்பு கிடந்தது, உங்கள் வண்டியும் வாசலில் நின்றது. உங்கள் மனைவி ஆனிமேரி அக்கா மட்டும் வெளியே வந்து, "அவுக திண்டுக்கல் போயிருக்காக" என்றார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதனால்தான் பதிவுத் தபால். இதையாவது கையெழுத்துப் போட்டு வாங்குவீர்கள்.

மறந்திருந்தால் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்வாணி. சமயநல்லூர் சங்கிலியின் மகள். போன வருஷம் தை மாதம் எனக்குக் கல்யாணம். படம் எடுத்தது நீங்கள். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு உங்கள் கடை வாசலில் டீ குடிக்கிற சங்கிலி, போன ஆடியில் செத்துப்போனார். அது உங்களுக்குத் தெரியும், உடலை எடுத்த அன்று மாலையோடு வந்தீர்கள்.

வருகிற ஜூலை 20 அவருக்கு முதல் வருஷம். மாலை போட ஒரு படம் வேண்டும். போனில் அவருடைய படம் மொத்தம் நான்கு இருக்கிறது. இரண்டில் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், ஒன்றில் தூங்குகிறார், இன்னொன்றில் முக்கால்வாசி என் தம்பியின் கட்டைவிரல். ஆதார் அட்டைப் படத்தைப் பார்த்து அவரே சிரிப்பார். சரி, கல்யாண ஆல்பம் இருக்கிறதே என்று பீரோவிலிருந்து எடுத்தேன்.

அதில் என் அப்பா இல்லை சார். அவர் வேட்டி இருக்கிறது, அவர் சட்டை இருக்கிறது, அதற்குள் பவுடர் டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி யாரோ ஒருவர் நிற்கிறார். மூட்டைக் கொக்கி பட்டு இடது புருவம் இரண்டாகப் பிளந்த தழும்பு எங்கே? கன்னத்து அம்மை வடு எங்கே? என் அப்பா அட்டக்கறுப்பு. நானும் அதே கறுப்பு. ஆல்பத்தில் நாங்கள் இருவரும் சேமியா பாயசம் நிறத்தில் நிற்கிறோம்.

ஆல்பம் வந்த சித்திரையிலேயே பார்த்தேன். முகம் சுளித்தேன். "நல்லாத்தான இருக்கு" என்று என் மாமியார் சொன்னார், புது மருமகள் எதற்கு வம்பு என்று மூடி வைத்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் என் முகத்தை வெளுக்க நான் சொல்லவில்லை. படம் தேர்வு செய்ய உங்களிடம் வந்தது அப்பா மட்டும்தான். விருந்து விருந்து என்று அலைந்ததில் என்னால் வர முடியவில்லை. அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்? நீங்களாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கை வைக்காத ஒரிஜினல் ஃபைல்களைக் கொடுங்கள். அது போதும்.

தமிழ்வாணி

*

பரவை,
14.6.2025

திருமதி தமிழ்வாணி அருண்பாண்டி அவர்களுக்கு,

தங்கள் 9ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. எழுத்தில் கேட்டதால் எழுத்தில் பதில் தருகிறேன்.

நான் கேமரா பிடித்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. பிலிம் காலத்தில் இருட்டறையில் நின்று கழுவிப் பழகியவன். இந்த வட்டாரத்தில் நான் எடுக்காத கல்யாணம் குறைவு. ஒருவர்கூட இப்படிப் பாயசம் என்றெல்லாம் எழுதியது கிடையாது. கலர் ஏற்றுவது எல்லா ஸ்டுடியோவிலும் செய்கிற வேலை. ஏற்றாமல் கொடுத்தால்தான் சண்டைக்கு வருகிறார்கள். "என்னண்ணே, எம்பொண்ணு இம்புட்டுக் கறுப்பாவா இருக்கா" என்று கேட்ட தாய் தகப்பனை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன்.

ஒரிஜினல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தங்கள் திருமணத்தை ஜேபெக்கில் மட்டுமே எடுத்தோம். அதாவது கேமராவே முடித்துக் கொடுக்கிற படம். மொத்தமாகக் கலர் ஏற்றியபோது எல்லாம் அதே பெயரில் சேவ் ஆகிவிட்டது. பழையதன் மேல் புதியது உட்கார்ந்துவிட்டது. எனவே தருவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

சங்கிலி அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. மாலைக்கு வேண்டுமானால் ஆல்பத்தில் உள்ள படத்தையே நிறத்தைக் குறைத்து, பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு என் செலவில் தருகிறேன். இத்துடன் இதை முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இப்படிக்கு,
அ. ஜெரால்ட்

*

பசுமலை,
17.6.2025

ஜெரால்ட் சாருக்கு,

நிறத்தைக் குறைத்துத் தருகிறீர்களா? முதலில் சுண்ணாம்பு அடித்தீர்கள், இப்போது அதன் மேல் கரி பூசித் தருகிறேன் என்கிறீர்கள். போன தழும்பை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? பேனாவால் வரைவீர்களா?

பொய்யாவது நிதானமாகச் சொல்லியிருக்கலாம். முகூர்த்தத்தன்று மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேனே தவிர, காது குனியவில்லை. உங்கள் இன்னொரு கேமராக்காரர் பாண்டிராஜிடம் நீங்கள் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "ரா ஒரு கார்டுல, ஜேபெக் ஒரு கார்டுல. ரெண்டும் ஏறுதான்னு அப்பப்பப் பாத்துக்கப்பா. நான் பாட்டுக்கு எடுத்துக்கிட்டே போறேன்." சொன்னீர்களா இல்லையா?

ரா என்றால் என்னவென்று இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். சதைத் துணுக்கு வைத்த கண்ணாடித் தகடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுப்பது என் தினசரி வேலை. எங்கள் கேமராவும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃபைல் போடும். ரா என்பது கேமரா பார்த்தது பார்த்தபடி, யாரும் கை வைக்காதது. ஜேபெக் என்பது அதைச் சமைத்து எடுத்தது. இரண்டுக்கும் ஒரே நம்பர், கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. ஜேபெக் மேல் எதைப் போட்டு மூடினாலும் அதே நம்பரில் ரா தனியாக இருக்கும். என் ஆல்பத்தின் ஓரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பொடியாக நம்பர் அச்சாகியிருக்கிறது. அப்பாவும் நானும் சேர்ந்து நிற்பது 4417. அந்த நம்பரில் உள்ள ராவைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் லேபில் ரிப்போர்ட்டை டைப் அடித்துக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகத் தகட்டைத் தூக்கி எறிவதில்லை. பத்து வருஷம் கழித்து ஒருவர் வந்து, தப்பாகச் சொல்லிவிட்டீர்களோ என்று கேட்டால், எடுத்து வைத்துத் திரும்பப் பார்ப்போம். உங்கள் தொழிலுக்கு அந்த நேர்மை வேண்டாமா?

அப்பா போன பிறகு நான் அழுதது குறைவு. இந்த ஆல்பத்தைத் திறந்த அன்றுதான் உட்கார்ந்து அழுதேன். அவர் முகம் எனக்கு மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், இதற்குப் பிறகாவது பூசி மெழுகாமல் பதில் போடுங்கள்.

தமிழ்வாணி

*

பரவை,
25.6.2025

திருமதி தமிழ்வாணி அவர்களுக்கு,

சரி. ரா எடுத்தோம். முன் கடிதத்தில் நான் எழுதியது தவறு.

ஆனால் ரா ஃபைல்கள் இப்போது இல்லை. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு படம் என்றால், ரா மட்டும் ஒரு டிஸ்க்கில் பாதியை விழுங்கிவிடும். முகூர்த்த மாதத்தில் பத்துப் பன்னிரண்டு கல்யாணம். எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆல்பம் கொடுத்து முடிந்ததும் ராவை அழித்து ஜேபெக்கை மட்டும் வருஷவாரியாக, மண்டபவாரியாக அடுக்கி வைப்பதுதான் எங்கள் பழக்கம். அழித்தது அழித்ததுதான்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சிலவற்றைத் தோண்டாமல் விடுவது நல்லது அம்மா. இதற்கு மேல் எனக்கு எழுத வேண்டாம்.

ஜெரால்ட்

*

பசுமலை,
28.6.2025

ஜெரால்ட் சாருக்கு,

எழுத வேண்டாமா? எழுதுவேன். தபால்காரர் அலுத்துப்போகும்வரை எழுதுவேன்.

முதலில் எடுக்கவே இல்லை என்றீர்கள். பிறகு எடுத்தோம், அழித்தோம் என்கிறீர்கள். அடுத்து என்ன, எலி தின்றுவிட்டது என்பீர்களா? போன வருஷம் எங்கள் ஊர் சோணை வீட்டுக் கல்யாணத்துக்கும் நீங்கள்தான் எடுத்தீர்கள். அதுவும் இதே மண்டபம், எங்களுக்கு ஒரு வாரம் முந்தி. அவர்கள் இந்த மே மாதம் கேட்டபோது ராவிலிருந்து புதிதாகப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். சோணையின் மகளே சொன்னாள். அவர்கள் ராவுக்கு இடம் இருக்கிறது, சங்கிலிக்கு மட்டும் டிஸ்க்கில் இடம் இல்லையா?

தோண்ட வேண்டாம் என்று வேறு எழுதுகிறீர்கள். தோண்டினால் என்ன வரும் என்று எனக்கே தெரியும். என் அப்பாவைப் பார்த்தீர்கள். மூட்டை தூக்குகிற ஆள், கறுப்பு, முகமெல்லாம் வடு. இதை அப்படியே அச்சடித்தால் ஆல்பம் அசிங்கமாக இருக்கும் என்று முடிவு செய்தீர்கள். பக்கத்தில் நிற்கிற மகளும் அதே அச்சு. இரண்டையும் சேர்த்து வெளுத்துவிட்டீர்கள். எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் படித்து, மண்டபம் பிடித்து, மேடை ஏறி நின்றால்கூட, இருக்கிற மாதிரியே நிற்கக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? தினமும் உங்கள் வாசலில் டீ குடித்த மனிதர் அவர். உங்களை ஒருநாள்கூட மரியாதை குறைவாகப் பேசாதவர். அவர் முகத்தைப் பார்த்து உங்களுக்கு அருவருப்பா?

ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவேன். ஆல்பத்தை உங்கள் கடை வாசலில் ஸ்டூல் போட்டு விரித்து வைப்பேன். அதன் பக்கத்தில் என் மூஞ்சியோடு நான் நிற்பேன். மார்க்கெட்டுக்கு வருகிற சனமெல்லாம் பார்க்கட்டும். அப்பாவோடு மூட்டை தூக்கிய ஆள்களும் பார்க்கட்டும். அவர்கள் கேட்கிற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

தமிழ்வாணி

*

பரவை,
3.7.2025

மகள் தமிழ்வாணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம். உனக்கு வேண்டியது இந்தக் கடிதத்தோடு வருகிறது. நீ, வா, போ என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டவன், இதை எழுத எனக்கு அந்த உரிமை வேண்டியிருக்கிறது.

என்னைப் பொய்யன் என்று எழுதினாய். சரி, பொய்தான் சொன்னேன். சோம்பேறி, நேர்மையில்லாதவன் எல்லாம் எழுதினாய். வாங்கிக்கொண்டேன். ஆனால் சங்கிலி அண்ணன் முகத்தைப் பார்த்து அருவருப்பா என்று கேட்டாயே, அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. ஆனிமேரி உன் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு, "செத்தவுகளுக்குக் குடுத்த வாக்குக்காக உசுரோட இருக்கற பிள்ளைய நோகடிக்காதீக" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

படம் தேர்வு செய்ய அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். சுமை இறக்கி முடித்து, குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து, நம்பரை நோட்டுத்தாளில் அவரே எழுதினார். நீ மாலையோடு நிற்கிற படம் வந்ததும் நிறுத்தினார்.

"ஜெரால்டு, இதுல எம்பிள்ளையக் கொஞ்சம் வெளுப்பா ஆக்க முடியுமா?"

"எதுக்குண்ணே, பிள்ள லட்சணமாத்தான இருக்கு" என்றேன்.

"எனக்கு லட்சணமாத்தான் இருக்கு. இந்த ஆல்பம் எங்க வீட்டுலயா இருக்கப்போவுது? பசுமலையில இருக்கும். அங்க வாரவுக போறவுக எல்லாம் எடுத்துப் பாப்பாக. பந்தியிலயே ரெண்டு பொம்பளைக பேசுனாக, பொண்ணு படிச்சிருக்கு, வேல பாக்குது, நெறந்தான் கம்மின்னு. எலை போட்டுக்கிட்டு இருந்தேன், எங்காதுலயே விழுந்துச்சு. ஆல்பத்தப் பாக்குற ஒவ்வொருத்தனும் அத மறுபடி சொல்லணுமா?"

அந்த ஒரு படத்தை அங்கேயே மாற்றிக் காட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்து 4417 வந்தது. நீயும் அவரும் சேர்ந்து நிற்பது. உன்னை மட்டும் மாற்றினேன். அதை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அடுத்ததுக்குப் போகவா என்று கேட்டது அவர் காதில் விழவில்லை.

பிறகு சொன்னார். "இப்பிடி இருந்தா, பக்கத்துல நிக்கிற இந்த ஆளு யாருன்னு கேப்பாகளே ஜெரால்டு. என்னையும் அவ கூடவே சேத்து வெளுத்துரு."

நான் சிரிக்கவில்லை அம்மா. அவரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் மொத்தமாக மாற்றினேன். கை வைத்ததில் தழும்பும் போய்விட்டது, அது என் கவனக்குறைவு.

அதற்கு முன்னால், கடையிலிருந்து கிளம்பும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பழசெல்லாத்தையும் அழிச்சிரு. எம்பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா." கையில் அடித்து வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குக்காகத்தான் உன் போனை எடுக்கவில்லை, உன் முகத்தைப் பார்க்கவில்லை, பொய்க்கு மேல் பொய்யாக எழுதினேன்.

உன் கல்யாணத்து மற்ற ராவையெல்லாம் அழித்துவிட்டேன். அண்ணன் இருக்கிற நாற்பத்துமூன்றை மட்டும் என்னால் முடியவில்லை. அதில் ஒன்றிரண்டு நான் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம். "அழிக்க வேண்டியவை" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் தள்ளினேன். நாளைக்கு அழிக்கலாம், நாளைக்கு அழிக்கலாம் என்று பதினேழு மாதம் ஆகிவிட்டது. அவர் போன பிறகு அழிக்கிற எண்ணமே விட்டுப்போச்சு.

நாற்பத்துமூன்றும் பென்டிரைவில் இருக்கிறது. சாதாரணமாகத் திறக்காது, அதற்கென்று சாஃப்ட்வேர் வேண்டும். லேபில் உன்னிடம் இருக்கும்.

எனக்கும் ஒரு கோபம் உண்டு. என்னைத் திட்டிய அளவுக்கு, அந்தப் பந்தியில் பேசிய இரண்டு பேரை நீ திட்டியிருக்க வேண்டும். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

ஜெரால்ட்

*

பசுமலை,
24.7.2025

ஜெரால்ட் சாருக்கு,

உடனே பதில் போடாததற்குக் காரணம், யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மூன்று வாரம் அலைந்ததுதான்.

பந்தியில் பேசியவர்கள் யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒருவர் என் மாமியார். உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "எல்லாரும் பேசுறதுதான, மனசுல வச்சா பேசுனோம்" என்றார். மனசில் வைக்காமல் பேசியதைத்தான் என் அப்பா மனசில் வைத்துக்கொண்டு செத்தார் என்று சொன்னேன். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. என் வீட்டுக்காரர் அருண்பாண்டி நடுவில் கிடந்து தவித்தார். தவிக்கட்டும். ஆல்பத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்காத ஆள்தானே அவரும்.

உங்கள் மேலும் கோபம் போகவில்லை. ஒரு மனிதர் வந்து, என் முகத்தை அழித்துவிடு என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சண்டை போட்டிருக்க வேண்டும். நல்ல படத்தை அழிக்க மனசு வரவில்லை என்றீர்களே, அந்த மனசை அவரிடமே சொல்லியிருக்கலாம். "அண்ணே, நீங்க இருக்கறதுதான் இதுல நல்ல படம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் என் அப்பா என்ன செய்திருப்பார் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

ஆல்பத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் கடையில் மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். இனி யாராவது வந்து கலர் ஏற்றச் சொன்னால், அதைக் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லலாம். உங்களுக்கு இது தண்டனைதான்.

எல்லாவற்றையும் விட அதிகக் கோபம் அப்பா மேல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்டு இல்லை என்றுதான் ஆக்கியிருப்பேன், அவர் சொன்னது சரி. அந்தச் சண்டையை எனக்குத் தராமல் போய்விட்டார்.

லேப் கம்ப்யூட்டரில்தான் திறந்தேன். உடன் வேலை பார்க்கும் ஆசீர்வாதம் சார் பக்கத்தில் இருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. நம்பர் வரிசையாக நாற்பத்துமூன்று கட்டம் வந்தது. 4417ஐத் தட்டினேன். ரா படம் முதலில் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அது எனக்குத் தெரிந்ததுதான். பெரிதாக்கினேன். தழும்பு இருந்தது. வடு இருந்தது. என் தோளில் இருக்கிற அவர் கையும் என் தோளும் எங்கே முடிகிறது, எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே நிறம். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பத்தில் இருந்ததும் இதே படம்தான், ஆனால் இதை நான் அதில் பார்த்ததே இல்லை. ஆசீர்வாதம் சார் எழுந்து வெளியே போய் எனக்காக டீ சொன்னார்.

ஒன்றும் ஏற்றாமல், ஒன்றும் குறைக்காமல் அதையே பெரிதாகப் போட்டு, சமயநல்லூரில் வைக்காமல் இங்கே பசுமலை வீட்டு ஹாலில், வாசலுக்கு நேரே மாட்டினேன். மாலை அவர் பக்கம் மட்டும் தொங்குகிற மாதிரி போட்டோம். உயிரோடு இருக்கிற பெண்ணையும் சேர்த்து மாட்டலாமா என்று மாமியார் இழுத்தார். என் தலைவிதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 20 அன்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்தது. மாமியாரின் நாத்தனார் ஒருவர், அன்னக்கொடி என்று பெயர், கல்யாணத்துக்கு வராதவர், அப்பாவை அதற்கு முன் கண்ணால் கண்டதே இல்லை. உள்ளே வந்து செருப்பைக் கழற்றியவர் அப்படியே படத்தின் முன்னால் நின்றார். படத்தைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அப்பனா? கேக்கணுமா என்ன, உரிச்சுல்ல வச்சிருக்கு" என்றார்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மாமியாரும் கேட்டார். கேட்க வேண்டியவர் மட்டும் இல்லை சார்.

தமிழ்வாணி